போர்ட் பிளேர் தாளில் ஐந்தாவது நேரம்

போன மாதம் சென்னையிலிருந்து ஐந்து பேர் என்னைப் பார்க்கக் கொல்லிமலைக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விமானக் கம்பெனியில் இப்போது இருக்கிற பிள்ளைகள். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மலை ஏறத் தொடங்கும்போது போனைப் பார்த்து, "நாற்பது நிமிஷம்தான் சார், வந்துடுறோம்" என்றார்கள். எழுபது வளைவும் ஏறி, வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று பேர் வழியிலேயே வாந்தி எடுத்திருந்தார்கள். விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற கூட்டம், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர்களில் நித்யா என்ற பெண் கொஞ்சம் துடியானவள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஆபீசில் பழைய காகிதங்களை எல்லாம் ஒழித்துக்கட்டுகிறார்களாம். ஒரு இரும்பு பீரோவின் அடியில் இந்தத் தாள் கிடைத்திருக்கிறது. சென்னை – போர்ட் பிளேர் விமானத் தாள். கீழே என் கையெழுத்து.

"சார், ஒரு ஃபிளைட்டுக்கு நாலு நேரம்தானே எழுதணும்? இதுல அஞ்சு இருக்கே. அதுவும் கடைசி நேரம் பென்சில்ல இருக்கு. என்ன சார் இது?"

அவள் சொன்னது சரிதான். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்த நேரம், சக்கரம் தரையை விட்ட நேரம், மறுபடி தரையைத் தொட்ட நேரம், திரும்பக் கட்டை வைத்த நேரம். இந்த நாலும் தெரிந்தால் ஒரு விமானத்தின் ஜாதகமே தெரிந்த மாதிரி. ஐந்தாவதாக ஒன்று எந்த விதியிலும் கிடையாது. அந்தத் தாளில் மட்டும் '12.05' என்று பென்சிலில் இருந்தது. அதன் கதையைச் சொன்னேன். வாயால் சொன்னது போதாது, எழுதித் தாருங்கள் என்று நித்யா கேட்டதால் எழுதுகிறேன்.

என் வேலைக்கு டிஸ்பாட்சர் என்று பெயர். விமானத்தை ஓட்டுகிறவர் மேலே இருப்பார், நாங்கள் கீழே அறைக்குள் இருப்போம். எந்த வழி, எவ்வளவு உயரம், எவ்வளவு எண்ணெய், எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைப்போம். கேப்டனும் கையெழுத்து வைப்பார். இரண்டும் இருந்தால்தான் விமானம் நகரும். அன்று நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டிய கணக்கை இன்று கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுத் தள்ளுகிறது. நித்யா அதைக் காட்டியபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நல்ல பொறாமைதான்.

படித்த கதையை விட்டுவிடுங்கள். நாமக்கல்லில் கல்லூரி, சென்னையில் ஒரே அறையில் நாலு பேர், உரிமத்துக்கான பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டேன், மூன்றாம் தடவை தப்பித்தேன். சொல்ல வேண்டியது நேர்முகத் தேர்வைத்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். காட்டன் சேலை, தடிக் கண்ணாடி, காதோரம் ஒரு பென்சில். "கல்கத்தாவுல இருந்து பம்பாய் எவ்வளவு நேரம்?" என்றார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் இரண்டரை மணி என்று பட்டென்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நான் என்னை அறியாமல் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"போறதுக்குங்களா, வாரதுக்குங்களா? சுமை எவ்வளவுங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கொல்லிமலைங்க. குண்டனி நாடு."

"அதானே பாத்தேன். எனக்கு மலைக்குக் கீழ, சேந்தமங்கலம்."

எங்கள் மலையில் ஒரு ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் மைல் கணக்கில் யாரும் பதில் சொல்வதில்லை. ஏறிப் போகிறாயா இறங்கிப் போகிறாயா, சுமையோடா வெறுங்கையோடா என்று திருப்பிக் கேட்போம். ஒரே பாதைதான், போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது. ஆகாயத்திலும் அப்படித்தான். காற்று எதிரே வந்தால் அது ஏற்றம், முதுகில் தள்ளினால் இறக்கம். நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட நடந்து தெரிந்துகொண்டது எனக்கு அன்றைக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

அந்த அம்மாதான் ஷம்சாத் மேடம், எங்கள் பிரிவுக்குத் தலைமை. அவருடைய அத்தா சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி. பன்னிரண்டு வயதில் மேடம் ஒருமுறை அத்தாவோடு மிளகு பார்க்க எங்கள் மலைக்கு நடந்து ஏறியிருக்கிறார். அந்தக் கதையை டீ நேரத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "வழியில யாரைக் கேட்டாலும் 'கூப்பிடு தூரந்தான் கண்ணு, இந்தா அந்தப் பாறைக்கு அந்தாண்ட'ம்பாங்க. அந்தப் பாறை, அதுக்கு அந்தாண்ட ஒரு பாறை, இப்பிடியே நாலு பாறை. செருப்பு அந்து போச்சு. பொழுதே உழுந்துபோச்சு. உங்காளுக வாயில ஒரு நெசமான நேரம் வராதுப்பா!"

உண்மை. எங்கள் ஆட்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. நடக்கிறவர் மனசு விட்டுவிடக் கூடாது என்று தூரத்தைக் குறைத்தே சொல்வோம். ஏமாற்றுவதற்கு அல்ல, இரக்கத்தில்தான். இரண்டு மலை தாண்டி இருக்கிற ஊரும் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான்.

மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக 'கண்ணு' என்பவர் 'அப்படீங்களா, உக்காருங்க' என்று ஆரம்பித்தால் நாங்கள் போட்ட கணக்கை மறுபடி எடுத்துப் பார்ப்போம். எண்ணெயை அவர் கிலோவில் கேட்கவே மாட்டார். "எத்தனை நிமிஷம் கையில இருக்கு?" என்பார். போர்ட் பிளேருக்கு அது ஒரு பாடம். சென்னையிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே கடல். பக்கத்தில் இறங்க வேறு இடம் கிடையாது. ஆகவே போக இரண்டு மணிக்குச் சற்று மேலே, அங்கே இறங்க முடியாவிட்டால் அரை மணி சுற்ற, அப்படியே சென்னைக்குத் திரும்ப, அதற்கும் மேல் தொடவே கூடாத கடைசி அரை மணி. எல்லாம் நிமிஷங்கள்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். விமானத்துக்குப் போகிற எந்தச் செய்தியையும் எழுதினவன் அனுப்பக் கூடாது. இன்னொருவர் வாங்கி வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அனுப்பலாம். "கண்ணு ஏமாந்துரும், காது ஏமாறாது" என்பார். எங்களுக்குள் அதைக் கிண்டல் செய்வோம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்று. இன்றைக்கும் வாய்விட்டுத்தான் படிக்கிறோம், ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை என்று நித்யா சொன்னாள். ஏன் என்பதுதான் இனி வரப்போகிறது.

இருபது வருஷம் இருக்கும். ஆவணி மாதம். என் சித்தப்பா வெள்ளையன் இதே மலையில் சாமையும் மலைவாழையும் வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் மலர் போர்ட் பிளேரில் நர்சாக இருந்தாள். அங்கேயே குடியிருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொள்ள இருந்தாள். கல்யாணமும் அங்கேதான். சித்தி பத்து நாள் முன்னாடியே கப்பலில் போய்விட்டார். சித்தப்பாவும் கூடப் போவதாகத்தான் இருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"காட்டையும் மாட்டையும் யாருங்க சித்தப்பா பாக்கறது? முந்தின நாள் கெளம்புங்க. கப்பல்ல மூணு நாளு, பிளேன்ல கூப்பிடு தூரந்தானுங்க."

"கூப்பிட்டா கேக்குமா கண்ணு?" என்று சித்தப்பா சிரித்தார். ஆனால் நம்பிவிட்டார். பிளேன் ஆபீசில் இருக்கிற மகன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அவர் கிளம்பிய நாளுக்கு மறுநாள் காலை ஆறரைக்கு முகூர்த்தம். போர்ட் பிளேருக்கு எங்கள் விமானம் ஒரு நாளைக்கு ஒன்றுதான். பிற்பகலுக்கு மேல் அந்த ஓடுதளமும் மூடிவிடும். சித்தப்பா வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்து மஞ்சப்பையில் போட்டு, அதை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஏறினார். அன்றைக்கு அந்த விமானத்துக்குக் கையெழுத்து வைத்தவன் நான்.

ஆடி ஆவணியில் தரையில் மேற்கே இருந்து காற்று அடிக்கும், மிக உயரத்தில் கிழக்கே இருந்து அடிக்கும். அதனால் போர்ட் பிளேர் போவது ஏற்றம், திரும்புவது இறக்கம். அன்றைக்கு அந்த எதிர்காற்று கணக்கில் போட்டதைவிடக் கடுமையாக இருந்தது. சுற்றுவதற்கு என்று வைத்திருந்த அரை மணியில் பாதி, பாதி வழியிலேயே கரைந்து போனது. அந்த நேரம் பார்த்துத் தீவிலிருந்து எங்கள் ஆள் போன் செய்தார். ஓடுதளமே தெரியாத அளவுக்கு மழை. கொட்டுகிறது.

சிறிது நேரத்தில் கேப்டனிடமிருந்து கேள்வி வந்தது. மழை எப்போது விடும்? இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடர்ந்து போவதா திரும்புவதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும்.

நான் தீவுக்குப் போன் போட்டேன். "கொறையற மாதிரிதான் இருக்கு, சொல்ல முடியல" என்றார் அந்த ஆள். நான் பேனாவை எடுத்துக் காகிதத்தில் எழுதினேன்: பத்து நிமிடத்தில் விடும்.

பொய் எழுதுகிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை, இதை நம்புங்கள். சித்தப்பா மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்துவிட்ட மனுஷனைத் திரும்பிப் போ என்று எப்படிச் சொல்வது?

விதிப்படி காகிதத்தை மேடத்திடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். 'பத்து நிமிடத்தில்' என்ற இடத்தில் குரல் நின்றது.

"இந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்துச்சுங்க?"

அந்த 'ங்க' காதில் விழுந்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது.

"கொறையற மாதிரி இருக்குன்னு அங்கிருந்து சொன்னாங்க மேடம்."

"கொறையற மாதிரி இருக்குன்னு அவங்க சொன்னாங்க, சரிங்க. பத்துன்னு யாருங்க சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அப்புறம் பேசிய குரலில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை.

"பத்துன்னா அவரு அங்க போயிச் சுத்துவாரு. விடலைன்னா நீ இன்னொரு பத்துன்னு சொல்லுவ. அந்தப் பாறைக்கு அந்தாண்ட இன்னொரு பாறை. நான் உங்க மலையில நடந்தவ கண்ணு. நடக்கறவளுக்குக் களைச்சா ஒரு கல்லு மேல உக்காந்துக்கலாம். அவரு எங்க உக்காருவாரு?"

என் காகிதத்தைக் கிழிக்கவில்லை. அதன் கீழேயே பென்சிலில் எழுதினார்: மழை விடும் நேரம் தெரியாது. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்ற உங்கள் கையில் பதினான்கு நிமிடம்தான். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். எழுதினது அவர், ஆகவே படிக்க வேண்டியது நான்.

'தெரியாது' என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன். அப்போதுதான் சொன்னேன்.

"மேடம், அதுல என்ற சித்தப்பா இருக்காருங்க. நாளைக்குக் காலைல புள்ளைக்கு முகூர்த்தம். நாந்தானுங்க கப்பல்ல போக வேண்டாம்னு சொன்னது."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அப்ப இன்னும் சரியா அனுப்பணும். முழுசாப் படி."

முழுதாகப் படித்தேன். செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் கேப்டனின் பதில் வந்தது: திரும்புகிறேன்.

அன்றைக்குத் தீவில் மழை விட்டது மூன்று மணிக்கு மேல். என் பத்து நிமிஷம் போயிருந்தால் என்னாகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். சித்தப்பாவை மட்டுமா, அந்த விமானத்தில் இருந்த அத்தனை பேரையும் இரக்கப்பட்டே கடலுக்கு மேல் நிறுத்தி வைத்திருப்பேன்.

சித்தப்பா மஞ்சப்பையோடு இறங்கி வந்தார். "ஏங்கண்ணு, இத்தனை நேரம் பறந்து பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டனே! நம்ம மலை பஸ்சு கூட இப்பிடிப் பண்ணாதே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நிமிஷம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "புள்ள வாசலையே பாத்துக்கிட்டிருக்குமே கண்ணு" என்றார். எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது.

மலருக்குப் போன் செய்ய வேண்டும். போனைக் கையில் எடுத்ததும் நாக்கில் பழைய சொல்தான் வந்தது: காலையில் வந்துவிடுவார், கவலைப்படாதே. எதிரே மேடம் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லப்போவதை என் முகத்திலேயே படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

"மலரு, அப்பா இன்னைக்கு வரல. காலை முகூர்த்தத்துக்கும் வர முடியாது" என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, இது நெசமான கணக்கா, நம்மூருக் கணக்கா?"

"நெசமான கணக்கு."

"அப்பறம் எப்ப வருவாரு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் அதற்குள் நாலு பேருக்குப் பேசி முடித்திருந்தார். மறுநாள் வழக்கமான விமானம் நிரம்பிவிட்டது. மதுரைக்குப் போய்த் திரும்புகிற ஒரு விமானம் காலை எட்டு மணிக்கே வந்து சும்மா நிற்கும். திரும்பி வந்த பயணிகளை அதில் ஏற்ற மேலிடத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டார். போனை என்னிடமிருந்து வாங்கினார். மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்.

"நான் இங்க ஃபிளைட்டு அனுப்பறவங்க. நாளைக்குப் பதினொண்ணுல இருந்து பதினொண்ணரைக்குள்ள எறங்கும். மழை இருந்தா எறங்காது. எறங்காதுன்னா பத்தரைக்குள்ள நானே கூப்பிட்டு எறங்காதுன்னு சொல்லிடுவேனுங்க. கூப்பிடலைன்னா என்ற வார்த்தையை நம்பி நீங்க அடுப்பைப் பத்த வைக்கலாம்."

அந்தப் பெரியவர் நல்ல மனுஷர். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். உச்சி வேளை முகூர்த்தத்துக்குத் தோஷம் கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டாராம், பன்னிரண்டு மணிக்கு மாற்றிவிட்டோம் என்றார். 'வந்துருவாரு, வந்துருவாரு' என்று நான் சொல்லியிருந்தால் அவர்கள் காலை முகூர்த்தத்துக்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். கடைசியில் அப்பா இல்லாமலேயே தாலி ஏறியிருக்கும்.

மறுநாள் அந்தத் தாளில் நான்தான் கையெழுத்து வைத்தேன். மேடம்தான் வைக்கச் சொன்னார். "நேத்துத் தப்புப் பண்ணின கைதான் இன்னைக்கு ஜாக்கிரதையா இருக்கும்" என்றார். அப்படி ஒரு மேலதிகாரி எத்தனை பேருக்கு வாய்ப்பார்? எண்ணெயை மூன்று தடவை சரி பார்த்தேன். எதிர்காற்றுக்குக் கூடுதலாகவே போட்டேன். காலை முழுக்கத் தீவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். மேகம் இருக்கிறது, மழை இல்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கட்டையை எடுத்தார்கள். பத்தரை வந்தது. மேடம் போனைத் தொடவில்லை. பதினொன்று எட்டுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. பதினொன்று பதினாறுக்குக் கட்டை வைத்தார்கள். நாலு நேரத்தையும் எழுதி முடித்தேன். அதோடு தாளைக் கோப்பில் சேர்த்துவிட வேண்டியதுதான்.

மேடம் சேர்க்க விடவில்லை. "இருக்கட்டும்" என்று தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே சித்தப்பாவின் குரல். என்னிடம் பேசவில்லை. "அந்தம்மாகிட்டக் குடு கண்ணு" என்றார்.

மேடம் வாங்கிக் காதில் வைத்தார். பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கும் கேட்டது.

"அம்மணி, என்ற கையால புள்ளையத் தாரை வாத்துக் குடுத்துட்டனுங்க. தாலி ஏறிருச்சுங்க."

மேடம் வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. கண்ணில் நீர் நின்றது, காதோரத்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார். "தாலி ஏறுன நேரம் என்னங்க?"

அந்த வருஷமே தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்தத் தாளில் விரலை வைத்துவிட்டார். கட்டை வைத்ததோடு விமானம் முடிந்துவிட்டதே, அதற்குக் கீழே என்ன இது, பன்னிரண்டு ஐந்து என்று கேட்டார். நான் பயந்துபோய் நின்றேன்.

ஷம்சாத் மேடம் கொஞ்சமும் அசரவில்லை. "சக்கரத்துக்குக் கட்டை வெச்சது பதினொண்ணு பதினாறுக்குங்க. அந்த ஃபிளைட்டு முடிஞ்சது பன்னெண்டு அஞ்சுக்குத்தான்" என்றார்.